தந்திக்காரரின் கை

மோர்ஸ் முறையில் 'எச்' என்ற எழுத்துக்கு நான்கு புள்ளிகள். ஒன்று கூடினால் அது எழுத்தே அல்ல, 5 என்ற எண். ஒன்று குறைந்தால் 'எஸ்'. பல ஆண்டுகள் கீ தட்டிப் பழகிய கை ஒருநாள் இந்த நான்கோடு நிற்க மறுக்கும். ஐந்தாவது புள்ளியும் தானாக விழும். இல்லையென்றால் மூன்றாவதிலேயே மணிக்கட்டு இறுகிவிடும், கீயை விட்டு விரல் எழும்பாது. நூறு மைலுக்கு அப்பால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். தட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு. அதைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள் தந்தி ஆபீஸ்காரர்கள். அந்த நடை தடுமாறத் தொடங்கினால் அந்தக் கை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பிரிட்டனில் இதைத் தந்திக்காரர் பிடிப்பு என்றார்கள். அமெரிக்காவில் கண்ணாடிக் கை. 1908-இல் பிரிட்டிஷ் அரசு இந்தப் பிடிப்பைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இயந்திரம் எதுவும் விரலை நறுக்கவில்லை, ஈயமோ பாதரசமோ உடம்பில் ஏறவில்லை. ஒரே சின்ன அசைவை ஆண்டுக்கணக்கில் செய்ததால் கை கெட்டது, அதற்கு முதலாளி பணம் தர வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. சுரங்கத் தொழிலாளியின் வீங்கிப் புண்ணான கை அதற்கு முந்தைய ஆண்டே பட்டியலில் ஏறியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த வீக்கம் கண்ணுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விரலால் வேலை பார்ப்பவரின் கையில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. கீயைத் தட்டச் சொன்னால் கை தகராறு செய்யும். காபிக் கோப்பையை எடுக்கச் சொன்னால் ஒழுங்காக எடுக்கும். அப்படியானால் கோளாறு கையிலா, ஆளிலா?

இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு முன்கதை உண்டு.

இத்தாலியின் மொடெனா நகரில் மருத்துவராக இருந்த பெர்னார்டினோ ராமசினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். தன் வீட்டுக் கழிவுக் குழியை அள்ள வந்த ஆள் ஏன் அத்தனை அவசரமாக வேலையை முடிக்கிறான் என்று கேட்கப் போய்த்தான் அவருக்கு அந்த நூலுக்கான எண்ணமே வந்தது. அந்தக் குழிக்குள் அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்று அந்த ஆள் சொன்னானாம். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு முதலில் அழுத்திச் சொன்னவர் ராமசினி. 1713-இல், எண்பதை எட்டிய வயதில், நூலை விரிவாக்கிப் பாதுவாவில் மறுபதிப்புக் கொண்டுவந்தபோது எழுத்தர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தார்.

அதில் மூன்று காரணங்கள் சொல்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது. கை எப்போதும் ஒரே திசையில் ஒரே மாதிரி நகர்வது. மூன்றாவது, கணக்குப் புத்தகத்தில் பிழை விழுந்துவிடக் கூடாதே, எசமானுக்கு நட்டம் வந்துவிடக் கூடாதே என்று மனம் படும் பாடு. தனக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரின் கதையையும் எழுதியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் எழுதியே பிழைத்த அந்த மனிதருக்கு முதலில் வலது கை முழுவதும் சோர்ந்தது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் கை செயலிழந்தது. மனிதர் விடவில்லை, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் அதே நோய் இடது கையிலும் வந்து உட்கார்ந்தது.

நாற்காலி, கை, பயம் என்று மூன்றையும் ராமசினி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பிரித்துவைத்து, எது உண்மைக் காரணம் என்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வழக்காடினார்கள். இடது கைக்கு ஏன் பரவியது என்ற புதிருக்குத் துப்புக் கிடைக்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு குமாஸ்தாக்களின் நூற்றாண்டு. வங்கி, ரயில்வே, காப்பீடு, அரசாங்கம் என்று எல்லாமே கையெழுத்துப் பிரதிகளால் ஓடின. இறகுப் பேனா போய், பர்மிங்காம் ஆலைகளிலிருந்து எஃகு முள் பெட்டி பெட்டியாக வந்தது. 1830-இல் மருத்துவர் சார்லஸ் பெல், எழுதும்போது மட்டும் வரும் கைப்பிடிப்பைப் பற்றிக் குறித்துவைத்தார். 1864-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் சாமுவேல் சாலி இதைப் பற்றிச் சொற்பொழிவுகளே நடத்தினார். பலர் எஃகு முள்ளின் மேல் பழி போட்டார்கள். இறகு வளைந்துகொடுக்கும், எஃகு கொடுக்காது என்பது வாதம். இறகை மட்டுமே பிடித்த ராமசினியின் பத்திர எழுத்தரை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

சிகிச்சைகளைப் பார்த்தால் இந்தக் காலத்து வாசகருக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். மின்சாரம் பாய்ச்சினார்கள். தோலில் கொப்புளம் எழுப்பினார்கள். சிலர் கட்டைவிரல் தசைநாணையே வெட்டிப் பார்த்தார்கள். மியூனிக் மருத்துவர் நுஸ்பாம் ஒரு வளையம் செய்தார். விரல்களை உள்ளே விட்டு அகல விரித்துப் பிடித்தால்தான் அது கையில் நிற்கும், பேனா அதன்மேல் பொருத்தப்பட்டிருக்கும். விரலை மடக்கும் தசைக்கு ஓய்வு, விரிக்கும் தசைக்கு வேலை. யோசித்துச் செய்த கருவிதான். இவர்கள் எல்லோரையும்விடப் பெயர் வாங்கியவர் மருத்துவரே அல்ல. ஃபிராங்பர்ட்டைச் சேர்ந்த யூலியஸ் வோல்ஃப் கையெழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். கையை உருவிவிடுவார், தசைகளுக்குப் பயிற்சி தருவார், பிறகு எழுத்தை ஆனா ஆவன்னாவிலிருந்து மறுபடி பழக்குவார். 1880-களில் பெரிய மருத்துவர்களே தங்கள் நோயாளிகளை அவரிடம் அனுப்பினார்கள். இன்றைய பிசியோதெரபி அறையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அக்காலத்து நரம்பியலின் பெரும்புள்ளி லண்டனின் வில்லியம் கவர்ஸ். 1888-இல் வெளிவந்த அவருடைய பாடநூலில் எழுத்தர், தந்திக்காரர், பியானோ வாசிப்பவர், தையற்பெண், பால் கறப்பவர் எல்லோரையும் 'தொழில் நரம்புத்தளர்ச்சி' என்ற ஒரே கூரையின் கீழ் வைத்தார். அவருடைய கவனிப்பு கூர்மையானது. சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொண்டு விரலாலும் மணிக்கட்டாலும் எழுதுகிறவர்களுக்கு நோய் வருகிறது, தோளிலிருந்து முழுக்கையையும் நகர்த்தி எழுதுகிறவர்களுக்கு அனேகமாக வருவதில்லை என்று கண்டுசொன்னார். அப்படி எழுதக் கற்றுக்கொள்வதே தடுப்பு என்றார். அவரே சுருக்கெழுத்துப் பித்தர், மருத்துவர்களுக்கென்று ஒரு சுருக்கெழுத்துச் சங்கம் தொடங்கியவர். ஆகவே எழுதும் கையைப் பற்றி அவருக்கு அக்கறை இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அதே நூலில், நரம்பு பலவீனமான சுபாவம் உள்ளவர்களையே இது பிடிக்கும் என்றும் எழுதிவைத்தார். கையெழுத்து நுணுக்கம் மறக்கப்பட்டது. சுபாவம் பற்றிய வரி மட்டும் அலுவலகங்களுக்குள்ளும் நீதிமன்றங்களுக்குள்ளும் நுழைந்து நூறு ஆண்டு குடியிருந்தது.

வசதியுள்ளவர்கள் வேறு வழி கண்டார்கள். ரெமிங்டன் தட்டச்சு இயந்திரம் 1874-இல் சந்தைக்கு வந்தது. எழுத முடியாத கைக்கு இதுவே மருந்து என்று மருத்துவர்களே சொன்னார்கள். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸுக்கு 1897-இல் மணிக்கட்டு வலி தாங்கவில்லை. ஓர் உதவியாளரை அமர்த்தினார், தான் நடந்துகொண்டே சொல்ல, அவர் ரெமிங்டனில் தட்ட வேண்டும். மிச்ச வாழ்நாளெல்லாம் நாவல்கள் அப்படியே பிறந்தன. அவருடைய வாக்கியங்கள் அதற்குப் பிறகு நீண்டுகொண்டே போனதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. குமாஸ்தாவுக்கு இந்த வசதி ஏது? உதவியாளரே அவர்தான்.

தந்தி ஆபீசுக்குத் திரும்பலாம். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்ட்டிமோருக்கு மோர்ஸ் தந்தி போனது. 1870-இல் பிரிட்டனின் தந்தி நிறுவனங்கள் மொத்தமும் தபால் துறையின் கைக்கு வந்தன. ஆயிரக்கணக்கானோர் ஒரே துறையில், ஒரே மாதிரி மேசையில், ஒரே மாதிரிக் கீயைத் தட்டத் தொடங்கினார்கள். 1875-இல் பிரான்சில் மருத்துவர் ஒனிமுஸ் தந்திக்காரர்களின் நோயை விவரித்தார். 1882-இல் எட்மண்ட் ராபின்சன் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

அந்த வேலையின் எடையை ஒரு சின்னக் கணக்கால் உணரலாம். மோர்ஸ் வேகத்தை அளக்க இன்றும் பயன்படுவது 'பாரிஸ்' என்ற ஆங்கிலச் சொல். அதில் புள்ளியும் கோடுமாக 14 தட்டுகள். நிமிடத்துக்கு 20 சொல் என்பது நடுத்தர வேகம், அதாவது 280 தட்டு. மணிக்கு 16,800. எட்டு மணி நேர வேலையில் பாதியைச் செய்தி வாங்குவதில் கழித்தாலும் மீதிப் பாதியில் 67,000-க்கு மேல். கீயை அழுத்தும் விசை கொஞ்சம்தான், நகரும் தூரம் நூலளவுதான். ஆனால் ஒவ்வொரு தட்டின் நீளமும் அடுத்ததிலிருந்து பிரியும் இடைவெளியும் துல்லியமாக இருக்க வேண்டும். புள்ளி ஒன்று நீண்டால் கோடாகிவிடும், சொல் மாறிவிடும். ராமசினி சொன்ன மூன்றாவது காரணம் இங்கே ஒவ்வொரு நொடியும் வேலை செய்தது.

1908-இல் பட்டியலில் சேர்த்ததும் இழப்பீட்டு மனுக்கள் வரத் தொடங்கின. தபால் துறை ஒரு குழு அமைத்தது. 1911-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. குழு சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, தந்திக்காரரின் நரம்பு உறுதியின்மை. மற்றது, நுணுக்கமான அசைவுகளை மறுபடி மறுபடி செய்வதால் வரும் சோர்வு. நரம்பு உறுதியின்மை தந்திக்காரரின் சொந்தச் சொத்து, சோர்வு தபால் துறையின் பொறுப்பு. பாதிப் பழி, பாதிப் பணம் என்று பஞ்சாயத்து முடிந்ததுபோல இருக்கிறது இந்தத் தீர்ப்பு.

அதற்குப் பிறகு முதல் உலகப் போர் வந்து போனது. பதுங்குகுழியில் மனம் உடைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் மில்லைஸ் கல்பின், உளவியலாளர்கள் மே ஸ்மித், எரிக் ஃபார்மர் ஆகியோருடன் சேர்ந்து தந்திக்காரர்களை ஆராய்ந்தார். தொழில் சோர்வு ஆய்வு வாரியத்தின் 43-ஆம் அறிக்கையாக 1927-இல் அது வெளியானது. பிடிப்பு உள்ளவர்களிடம் மனநலக் கோளாறின் அறிகுறிகள் மற்றவர்களைவிட அதிகம் என்றது அறிக்கை. யாருக்குப் பிடிப்பு வரும் என்று வேலையில் சேர்க்கும்போதே சோதித்துச் சொல்ல முடியுமா என்பதும் அவர்களுடைய கேள்வியாக இருந்தது. ஒரு தொழிலையே ஐயப்படுவதற்குப் பதில் ஆட்களை வடிகட்டப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் கை வலித்து, பிழை விட்டு, திட்டு வாங்கி, வேலை போய்விடுமோ என்று நடுங்கியவரிடம் மனக்கலக்கம் தென்பட்டால், அது வலிக்கு முன்னே வந்ததா பின்னே வந்ததா? அந்த ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு வாதமே அந்தப் பக்கம் சாய்ந்துகிடந்தது.

அமெரிக்காவில் குழுவும் இல்லை, பட்டியலும் இல்லை. தந்திக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். மேலும் கீழும் அடிப்பதால்தான் கை கெடுகிறது, பக்கவாட்டில் அசைத்தால் என்ன? 1888-இல் பன்னல் நிறுவனம் அப்படி ஒரு கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் ஹோரஸ் மார்ட்டின் இன்னும் ஒரு படி மேலே போனார். 1904-இல் காப்புரிமை பெற்ற அவருடைய வைப்ரோப்ளெக்ஸில் கட்டைவிரலால் ஒருமுறை தள்ளினால் போதும். உள்ளே ஒரு சின்ன ஊசல் துடித்துப் புள்ளிகளைத் தானே வரிசையாகப் போடும், விரலை எடுத்தால் நிற்கும். 'எச்'சுக்கு நான்கு தட்டு ஒரே தள்ளலாகியது. கோடுகளை மட்டும் மறுபக்கம் தள்ளிக் கையால் போட வேண்டும். பலர் சொந்தக் காசில் இதை வாங்கிப் பெட்டியில் வைத்து ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கை கண்ட பல தந்திக்காரர்கள் வேலையை விடாமல் தப்பியது இந்தக் கருவியால். அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக வைப்ரோப்ளெக்ஸ் இன்றும் தயாராகிறது.

இந்தியாவில் தந்தியைக் கொண்டுவந்தவர் தொழிலால் மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓ'ஷாக்னஸி 1850-இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குச் சோதனைக் கம்பி இழுத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கம்பி சென்னையைத் தொட்டது. பிரிட்டன் பிடிப்பை நோயென்று ஒப்புக்கொண்ட அதே 1908-இல் இந்தியாவிலும் பர்மாவிலும் தந்திக்காரர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புதிய பணிநேர ஏற்பாடுகளும் வேலைப் பளுவும் அதன் பின்னணி. செய்தி அனுப்பும் கம்பியே அவர்கள் கையில் இருந்ததால், ரங்கூனில் எடுத்த முடிவு மற்ற நகரங்களுக்குப் போய்ச்சேர நேரமாகவில்லை. தந்தி என்றாலே வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கைகால் பதறிய தமிழ்க் குடும்பங்கள், அதை அனுப்பிய கையை நினைத்திருக்க வழியில்லை. 2013 ஜூலையில் அந்தச் சேவை முடிந்தது. ஆனால் கீயும் மோர்ஸும் அதற்கு எவ்வளவோ முன்பே டெலிபிரிண்டருக்கு இடம் விட்டு நகர்ந்திருந்தன.

டெலிபிரிண்டர், தட்டச்சு, பஞ்ச் கார்டு என்று விசைப்பலகைகள் பெருகியபோது நோயும் கூடவே வந்தது. பழைய தட்டச்சு இயந்திரம் ஒரு வகையில் கருணையுள்ளது. வரி முடிந்ததும் உருளையைத் தள்ள வேண்டும், தாளை உருவி மாற்ற வேண்டும், கார்பனைச் செருக வேண்டும். லோயர், ஹையர் என்று தமிழ்நாட்டு இன்ஸ்டிடியூட்டுகளில் பழகியவர்களுக்கு இது தெரியும். நிமிடத்துக்கு 30 சொல், 45 சொல் என்று விரல் பறந்தாலும் வரிக்கு ஒருமுறை கை வேறு வேலைக்குப் போய் வரும். முதுகை நிமிர்த்து, மணிக்கட்டைத் தொங்கவிடாதே என்று அதட்டும் மாஸ்டரும் பக்கத்தில் இருப்பார். கணினி வந்ததும் இந்தச் சின்னச் சின்ன ஓய்வுகள் எல்லாம் போய்விட்டன.

இதை முதலில் எண்ணிக்கையாகப் பார்த்தது ஜப்பான். பஞ்ச் கார்டு தட்டும் இளம்பெண்களுக்குக் கை, தோள், கழுத்து எல்லாம் பிடித்துக்கொண்டபோது, தொழிலாளர் அமைச்சகம் 1964-இல் நெறிமுறை வகுத்தது. ஒரு நாளைக்கு 300 நிமிடத்துக்கு மேல் தட்டக்கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடமாவது இடைவேளை. நாளொன்றுக்கு 40,000 தட்டுகளோடு நிறுத்த வேண்டும். மோர்ஸ் தந்திக்காரரின் 67,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுபாவம், நரம்பு, மனம் என்று எந்தத் தத்துவத்துக்குள்ளும் போகாமல், சுமையை அளந்து வரம்பு கட்டிய ஆவணம் இது. இந்த வரலாறு முழுவதிலும் அறிவுக்குப் பொருத்தமான காகிதம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியா நேர் எதிர்த் திசையில் போனது. 1980-களின் முதல் பாதியில் அங்கே கைவலி ஒரு கொள்ளைநோய்போல எழுந்தது. டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் மட்டும் 1981 முதல் 1985 வரை ஏறத்தாழ 4,000 புகார்கள். வேலைக் களைப்பா, நோயா, நடிப்பா என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. கேலிக்காரர்கள் கங்காருப் பாதம் என்று பெயர் வைத்தார்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில் ஒரு விசித்திரம் இருந்தது. தொலைபேசி இயக்குநர்களில் ஆயிரத்துக்கு 343 பேருக்கு வலி. அவர்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தட்டிய தந்திக்காரர்களில் ஆயிரத்துக்கு 34 பேருக்குத்தான். தட்டுக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் மனப்பிராந்தி என்று ஒரு தரப்பு இதைக் கொண்டாடியது. ஆனால் தட்டின் எண்ணிக்கை ஒன்றே சுமை அல்ல. அழைப்பு வந்த நொடியில் எடுக்க வேண்டிய கட்டாயம், அசைய விடாத இருக்கை, யார் எவ்வளவு வேகம் என்று மேலிருந்து எண்ணும் கண்காணிப்பு ஆகியவை அந்த அட்டவணையில் ஒரு கட்டமாகக்கூட வரவில்லை. 1987-இல் ஒரு அரசு ஊழியர் தொடுத்த வழக்கில் ஜூரி அரசுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. புகார்களும் அந்தக் காலத்திலேயே வடிந்தன.

நீதிமன்றங்கள் பிரிட்டனிலும் ஊசலாடின. 1991-இல் தகவல் பதிவு செய்த இரு பெண்கள் பிரிட்டிஷ் டெலிகாமுக்கு எதிராக வென்றார்கள். 1993-இல் ராய்ட்டர்ஸ் பத்திரிகையாளர் ஒருவரின் வழக்கில், அப்படி ஒரு நோயே மருத்துவத்தில் இல்லை என்ற பொருளில் நீதிபதி தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் கிளின்டன் அரசு போகிற போக்கில் கொண்டுவந்த, பணியிடத்தைத் தொழிலாளரின் உடலுக்கு ஏற்ப அமைக்கச் சொல்லும் விதிகள் 2001 ஜனவரியில் அமலுக்கு வந்தன. மார்ச் மாதத்திலேயே நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது, புஷ் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் வாழ்ந்த சட்டம்.

இத்தனை சண்டைக்கும் ஒரு காரணம், பல நோய்களை ஒரே மூட்டையாகக் கட்டியது. சுவிஸ் அறுவை மருத்துவர் டி குர்வைன் 1895-இல் விவரித்தது கட்டைவிரலின் இரண்டு தசைநாண்கள் ஓடும் உறை தடித்துப்போகும் நோய். துணி பிழியும் பெண்களுக்கு வரும் சுளுக்கு என்று அதை முன்பே அறிந்திருந்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி எடுக்கும் தாய்மாருக்கு இன்று அதிகம் வருவதும் இதுதான். மணிக்கட்டுக்குள் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகிற குறுகிய பாதை ஒன்று உண்டு. அங்கே நரம்பு நசுங்கினால் இரவில் விரல்கள் மரத்துப்போகும். கிளீவ்லாந்தின் ஜார்ஜ் ஃபேலன் 1950-லிருந்து இதைப் பற்றி எழுதிப் பிரபலப்படுத்தினார். நோயாளிகளில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள், ஆகவே இது தொழிலால் வருவதல்ல என்றார் அவர். நாள் முழுவதும் வீட்டில் அந்தக் கைகள் செய்ததை அவர் தொழிலாகக் கணக்கில் எடுக்கவில்லை போலும்.

இந்த இரண்டும் கையில் இருக்கும் நோய்கள், சிகிச்சையும் கையில்தான். மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொள்வது, வலி தரும் அசைவை மட்டும் சில வாரம் நிறுத்துவது, பிறகு சிறுகச் சிறுக வேலையைக் கூட்டுவது. கையை மாதக்கணக்கில் கட்டிப் போட்டால் விறைத்துப்போகும் என்பதை மருத்துவர்கள் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள். இவற்றுக்குக் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் பாதையின் கூரையைப் பிளந்து நரம்புக்கு இடம் தரும் சின்ன அறுவை. சில மாதங்களில் பலர் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள். வேலையின் வேகமும் மேசையின் உயரமும் பழையபடியே இருந்தால் வலியும் திரும்பி வரும்.

எழுத்தரின் பிடிப்பும் தந்திக்காரரின் பிடிப்பும் பெரும்பாலும் வேறு இனம். அதில் வீக்கம் இல்லை, நரம்பு நசுங்கல் இல்லை. இசைக்கலைஞர்களிடம் இது பச்சையாகத் தெரியும். ராபர்ட் ஷூமன் இருபத்திரண்டு வயதுக்குள் வலது கை விரலின் கட்டுப்பாட்டை இழந்தார். மருத்துவர் சொன்னபடி, அறுத்த விலங்கின் சூடான குடலுக்குள் கையை வைத்துக்கூடப் பார்த்தார். பலனில்லை, பியானோ மேடை போய் இசையமைப்பு மிஞ்சியது. அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1964-இல் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் உள்நோக்கிச் சுருண்டன. முப்பது ஆண்டுகள் இடது கைக்கென்று எழுதிய இசையையே வாசித்தார், இசை நடத்துநரானார். 1990-களில் சுருளும் தசைகளுக்குப் போடாக்ஸ் ஊசி போட்டபின் இரு கையாலும் வாசித்தார். 2004-இல் வந்த இசைத்தட்டுக்கு 'இரு கைகள்' என்றே பெயர். 2020-இல் இறந்தார்.

கையில் இல்லாத இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது? 1996-இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் நான்சி பில்லும் மைக்கேல் மெர்செனிக்கும் குரங்குகளை ஒரு கைப்பிடியை அழுத்தி விடும் வேலைக்குப் பழக்கினார்கள், ஒரே அசைவு, ஆயிரக்கணக்கான முறை. கை பிடித்துக்கொண்டது. மூளையைப் பார்த்தபோது, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய இடங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பியிருந்தன. குரங்குக்கு எசமான் பயமும் இல்லை, இழப்பீட்டு ஆசையும் இல்லை. கோளாறு மூளைவரை போகிறது என்ற அளவில், நரம்பைக் காட்டிய கவர்ஸ் சொன்னது சரி. அது சுபாவத்தின் குறை என்றது தவறு. பத்திர எழுத்தரின் இடது கைக்கும் இங்கே ஒரு துப்பு இருக்கிறது. எழுதும் வித்தையைக் கை மாத்திரம் கற்றிருக்கவில்லை.

1908-இல் ஏறிய வரி பிரிட்டிஷ் பட்டியலில் ஏ4 என்ற எண்ணில் இன்றும் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் டி குர்வைன் நோயும் மணிக்கட்டு நரம்பு நசுங்கலும் பெயர் சொல்லி இடம்பெற்றன.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களின் கையை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் பார்க்கலாம். நனைத்த இலையைக் கத்தரிக்க வேண்டும், தூளைப் பரப்ப வேண்டும், சுருட்ட வேண்டும், முனையை மடக்க வேண்டும், நூல் கட்ட வேண்டும். ஒரு பீடிக்கு ஐந்து வேலை, ஆயிரம் பீடிக்கு ஐந்தாயிரம், எல்லாமே விரல் நுனியிலும் மணிக்கட்டிலும். 1966-இலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1976-இல் நலநிதி வந்தது. கூலி மட்டும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான், பீடிக்கடையில் கழித்த பீடி போக.